விருந்துக்கு மறுநாள் பட்டினி வேண்டாம்: அதிகம் சாப்பிட்ட குற்றவுணர்விலிருந்து மீள ஒரு முழுமையான வழிகாட்டி

சாப்பாட்டைச் சீர்செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் முதல் வாரத்தில் தடுமாறுவது குறைவு. காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் அளந்து வைத்த சோறு, கூடவே நிறையப் பொரியல், இரவு எட்டு மணிக்குள் இரண்டு இட்லி என்று எல்லாம் ஒழுங்காகவே போகும். மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ ஒரு வளைகாப்பு வரும். ஊரில் கிடாவெட்டு வரும். விசேஷம் எதுவுமே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை இரவில் மிக்சர் டப்பா காலியாகியிருக்கும். இந்தக் கட்டுரை அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியது.

அந்த ஒருவேளைச் சாப்பாட்டால் யாருடைய முயற்சியும் கெட்டுப்போவதில்லை. சாப்பிட்டதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு, மறுநாள் பட்டினி கிடந்து, அதற்கடுத்த நாள் பசி தாங்காமல் மறுபடி அள்ளிச் சாப்பிட்டு, கடைசியில் "நமக்கெல்லாம் இது சரிப்பட்டு வராது" என்று கைகழுவுகிறார்களே, அங்கேதான் கெடுகிறது. சாப்பாட்டைவிட அதன்பின் வரும் தண்டனைதான் அதிகம் கெடுக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

புதிதாகத் தொடங்கியவர்களுக்காக, விஷயம் நடக்கும் வரிசையிலேயே படிகளை எழுதியிருக்கிறேன். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் நான்காவது படியை முதலில் படித்துவிடுங்கள்.

படி 1: உண்மையில் எவ்வளவு கூடியது என்று கணக்குப் பாருங்கள்

ஒரு கிலோ உடல்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. கல்யாணச் சாப்பாட்டில் வழக்கத்தைவிட 1,000 கலோரி கூடுதலாக உள்ளே போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது சாதாரண அளவு இல்லை. ஜாங்கிரி, வடை, நெய் ஊற்றிய பருப்புச் சோறு, இரண்டு தடவை பாயசம் எல்லாம் சேர்ந்தால்தான் அந்த அளவுக்குப் போகும். அந்த 1,000 கலோரியும் ஒன்றுவிடாமல் கொழுப்பாகப் படிந்தாலும் 130 கிராம்தான் வரும்.

அப்படியானால் மறுநாள் காலையில் எடை மெஷின் ஒன்றரைக் கிலோ கூடுதலாகக் காட்டுகிறதே, அது எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் தண்ணீர். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடல் கிளைகோஜனாக மாற்றிக் கல்லீரலிலும் தசையிலும் சேமிக்கிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரும் தங்கும். சில வாரங்களாகச் சோற்றைக் குறைத்தவருக்கு இந்தச் சேமிப்பு குறைந்திருக்கும். ஒரே விருந்தில் அது நிரம்பிவிடும். ஊறுகாய், அப்பளம், வத்தக்குழம்பு வழியாகப் போன உப்பும் தன் பங்குக்குத் தண்ணீரைப் பிடித்துவைக்கும். குடலில் இன்னும் இருக்கும் உணவின் எடையும் இதில் சேர்த்தி. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் மூன்று நான்கு நாளில் பெரும்பகுதி இறங்கிவிடும்.

ஆகவே விருந்துக்கு மறுநாள் எடை பார்க்காதீர்கள். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் அன்றைய மனநிலையே அமைகிறது என்றால், மெஷினைக் கொஞ்ச நாள் பரணில் ஏற்றிவிடுங்கள். பாவாடை நாடாவும் பெல்ட் துளையும் சொல்ல வேண்டியதைச் சொல்லும்.

அளவுக்கு மீறிச் சாப்பிடுவது பெரிய விஷயமே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு இருக்கிறது. நம் சாப்பாட்டுப் பழக்கத்துக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் அன்றாடம் செய்வதுதான் பழக்கம். தினமும் சாயங்காலம் டீயோடு இரண்டு பஜ்ஜி என்றால் அதைப் பற்றி யோசித்தே ஆகவேண்டும். மாதத்தில் ஒரு கல்யாணச் சாப்பாடு அந்தக் கணக்கில் வராது. நம் ஆட்களில் பலர் பஜ்ஜிக்குக் கவலைப்படாமல் கல்யாணச் சாப்பாட்டுக்குக் கண்ணீர் விடுகிறார்கள்.

படி 2: 'போனது போச்சு' என்று மனம் சொல்லும் நொடியைப் பிடியுங்கள்

முழுக்க நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு என்று நம் ஊரில் சொல்வார்கள். டயட்டில் இருப்பவரின் மனம் இந்தப் பழமொழியைத்தான் பிடித்துக்கொள்கிறது. ஒரு ஜாங்கிரி உள்ளே போனதும், "இன்னிக்குக் கெட்டது கெட்டுப்போச்சு, நாளையிலேர்ந்து பார்த்துக்கலாம்" என்று சொல்லி இன்னும் மூன்றை எடுக்க வைக்கிறது.

உளவியலாளர்கள் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1975இல் ஹெர்மன், மேக் என்ற இரு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவிகளில் சிலருக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. அதன்பின் எல்லோர் முன்னாலும் ஐஸ்கிரீமை வைத்து, ருசி பார்த்துச் சொல்லுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றார்கள். சாப்பாட்டுக் கட்டுப்பாடு எதுவும் இல்லாத மாணவிகள், மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். வயிறு நிறைந்தவர் செய்வது அதுதானே. எப்போதும் கட்டுப்பாட்டிலேயே இருந்தவர்கள், மில்க்‌ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமை அதிகமாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு உடைந்துவிட்டது, இனி என்ன என்ற எண்ணம். ஹெர்மனும், கனடாவின் டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் அவரோடு பணியாற்றிய ஜேனட் பொலிவியும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது. குடித்ததில் உண்மையில் எவ்வளவு கலோரி இருந்தது என்பது பெரிதாக எண்ணப்படவில்லை. "இதில் கலோரி அதிகம்" என்று சொல்லப்பட்டதே கட்டுப்பாட்டை உடைக்கப் போதுமானதாக இருந்தது.

அதாவது உடைவது மனக்கணக்கில். வயிற்றுக்கு இதில் வேலையே இல்லை. முதல் ஜாங்கிரியால் வரும் நட்டம் கொஞ்சம்தான், அடுத்த மூன்றால்தான் நிறைய.

செய்ய வேண்டியது எளிது, பழகத்தான் நாள் பிடிக்கும். "போனது போச்சு" என்ற பேச்சு உள்ளே கேட்டதும், "இந்த வேளை முடிந்தது" என்று மனசுக்குள் சொல்லுங்கள். நாள் முடிந்துவிட்டது, வாரம் முடிந்துவிட்டது, டயட் முடிந்துவிட்டது என்றெல்லாம் நீட்ட வேண்டாம். சொன்னதோடு நிற்காமல் உடம்பால் ஒன்று செய்யுங்கள்: இலையை மடியுங்கள், எழுந்து கைகழுவுங்கள், வாய் கொப்பளியுங்கள். வீட்டில் என்றால் டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டு அடுக்களை விளக்கை அணையுங்கள். முதல் சில தடவை நான்காவது ஜாங்கிரிக்குப் பிறகுதான் நினைவு வரும். பரவாயில்லை, அப்போது நிறுத்தினாலும் லாபம்தான்.

படி 3: அன்றிரவை அமைதியாகக் கடத்துங்கள்

வயிறு முட்ட இருக்கும்போது எந்த முடிவும் எடுக்காதீர்கள். "நாளையிலிருந்து வெறும் ஜூஸ்தான்", "ஒரு மாதம் சோற்றைத் தொடமாட்டேன்" போன்ற சபதமெல்லாம் அந்த நேரத்தில்தான் பிறக்கிறது; ஒன்றுகூட நிலைப்பதில்லை.

பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடக்கலாம். சாப்பிட்டபின் நடப்பது ரத்தச் சர்க்கரை வேகமாக ஏறுவதைக் குறைக்கும், வயிற்றுக்கும் இதம். அதற்காக மொட்டைமாடியில் மூச்சிரைக்க ஓட வேண்டாம். சுக்குக் காபி, சீரகத் தண்ணீர், தீபாவளி என்றால் லேகியம், எது பழக்கமோ அதைக் குடிக்கலாம், சாப்பிடலாம், வயிறு லேசாகும். ஆனால் சாப்பிட்டதைக் கழிக்கும் சக்தி இவற்றுக்கு இல்லை. அப்படி நம்பி மூன்று தம்ளர் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடிக்க வேண்டியதில்லை. உடனே படுத்தால் நெஞ்செரிச்சல் வரும். இரண்டு மணி நேரமாவது உட்கார்ந்திருந்துவிட்டுப் படுங்கள்.

இரண்டு காரியங்களை மட்டும் ஒருநாளும் செய்யாதீர்கள். ஒன்று, விரலை விட்டு வாந்தி எடுப்பது. பல்லின் மேற்பூச்சு அரிக்கும். தொடர்ந்து செய்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பே தாறுமாறாகும். இன்னொன்று, பேதி மாத்திரை. சாப்பாட்டின் சத்து பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. பேதி மருந்துகள் வேலை காட்டுவது முக்கியமாகப் பெருங்குடலில். வெளியே போவது தண்ணீரும் உப்புச் சத்தும்தான். கலோரி உள்ளேயேதான் இருக்கும்.

படி 4: மறுநாள் காலை வழக்கம்போல் சாப்பிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள்.

நேற்று அதிகமாகிவிட்டது, இன்று பட்டினி போட்டுச் சரிசெய்கிறேன் என்று தோன்றும். நம் வீடுகளில் இதற்கு ஆதரவும் கிடைக்கும், "லங்கணம் பரம ஔஷதம்" என்று பாட்டியே சொல்வார். பாட்டி சொல்வதில் நியாயம் இருக்கிறது: வயிறு மந்தமாக, பசியே எடுக்காமல் இருந்தால் காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதில் தவறில்லை. முன்பு உண்டது செரித்ததை அறிந்து உண்ணச் சொல்லும் திருக்குறளின் 'மருந்து' அதிகாரமும் அதைத்தான் கேட்கிறது. ஆனால் பசி எடுத்த பிறகும், "நீ நேற்று செய்ததற்கு இதுதான் தண்டனை" என்று உடம்பைக் காயப்போடுவது வேறு சங்கதி. முதலாவதில் வயிற்றின் பேச்சைக் கேட்கிறோம். இரண்டாவதில் அதன் வாயை அடைக்கிறோம்.

வாயை அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில், 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருந்த 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். அவர்களாகவே முன்வந்தவர்கள்தான். சில வாரங்களில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள், கனவிலும் சாப்பாடு வந்தது. சோதனை முடிந்து வேண்டிய அளவு சாப்பிடலாம் என்ற பிறகு, அவர்களில் சிலர் வயிறு வலிக்கச் சாப்பிட்டும் திருப்தி அடையாமல் தவித்தார்கள். மனவுறுதி குறைந்தவர்கள் இல்லை அவர்கள். பட்டினி போட்டால் உடல் சாப்பாட்டைத் தேடும், கிடைக்கும்போது அள்ளிக்கொள்ளும். அது அதன் இயல்பு.

ஒருநாள் பட்டினி அந்த அளவுக்குக் கொண்டுபோகாது. ஆனால் திங்கட்கிழமை பகல் முழுக்க வெறும் தண்ணீரில் இருந்தவர் ராத்திரி ஒன்பது மணிக்கு பரோட்டாக் கடை வாசலில் நிற்பது இதே இயல்பின் சின்ன வடிவம்தான்.

என்ன சாப்பிடலாம்? வழக்கமாக என்ன சாப்பிடுவீர்களோ அதுவே. இரண்டு மூன்று இட்லி, நிறைய சாம்பார், ஒரு முட்டை. அல்லது பெசரட்டு. மதியம் சோறு, கீரைக் கூட்டு, மோர். உடல் பிடித்துவைத்த தண்ணீர் இறங்க வேண்டும் என்பதால் ஊறுகாயையும் அப்பளத்தையும் அன்று விட்டுவிடலாம். தனியாக எதையும் குறைக்க வேண்டாம்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு: இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தவிர்த்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, கண் இருட்டுவது எல்லாம் அதன் அடையாளங்கள். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்துச் சர்க்கரை அளவைப் பாருங்கள். அதேபோல, நேற்று இனிப்பு சாப்பிட்டுவிட்டோமே என்று மாத்திரையை இரண்டாகப் போட்டுக்கொள்ளும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. மருத்துவர் சொல்லாமல் அளவைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

படி 5: ஏன் நடந்தது என்று நிதானமாகத் தேடுங்கள்

ஒன்றிரண்டு நாள் போகட்டும். கோபம் தணிந்த பிறகு ஒரு நோட்டில் மூன்று விஷயம் மட்டும் எழுதுங்கள்: அப்போது மணி என்ன, அதற்கு முன் கடைசியாக எப்போது சாப்பிட்டேன், அன்று மனசு எப்படி இருந்தது. கலோரிக் கணக்கு வேண்டாம். நாலைந்து தடவை எழுதினாலே ஓர் ஒற்றுமை தெரிய ஆரம்பிக்கும்.

அடிக்கடி வெளிப்படும் காரணம் பசிதான். ஒரு முகூர்த்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள். "மதியம் கல்யாணச் சாப்பாடு இருக்கே" என்று காலையில் வெறும் காபியோடு கிளம்புகிறோம். மண்டபத்தில் ஒரு டம்ளர் ரோஸ்மில்க். முதல் பந்தியில் இடம் கிடைக்கவில்லை, இரண்டாவது பந்தியிலும் யாரோ கைக்குட்டை போட்டு வைத்திருக்கிறார்கள். மணி ஒன்றே முக்காலுக்கு இலை முன் உட்காரும்போது கை நடுங்குகிற பசி. இலை நுனியில் இனிப்பு விழுந்ததுமே வாயில் போகிறது. வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம் மூன்று சுற்றும் அதற்குள் முடிந்துவிடுகிறது. இதில் மனவுறுதி எங்கே வந்தது? காலையில் இரண்டு இட்லியும் ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டிருந்தால் கதையே வேறு.

இரண்டாவது காரணம் வீட்டுப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். பகல் முழுக்க எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, பிள்ளை மிச்சம் வைத்த அரைத் தோசையையும், வீணாகுமே என்று பாத்திரத்தில் ஒட்டியிருந்த உப்புமாவையும் நின்றுகொண்டே சாப்பிட்டு முடித்திருப்பார். அதைச் சாப்பாடாக அவர் மனசு எண்ணுவதில்லை. ராத்திரி பத்தரைக்கு எல்லோரும் படுத்த பிறகு, சிங்க் பாத்திரம் முடித்துவிட்டு, ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் நிற்கும்போதுதான் அன்று அவருக்கென்று கிடைக்கும் முதல் பத்து நிமிடம். கையில் இருக்கும் மைசூர்பாகு அப்போது இனிப்பு மட்டும் இல்லை. அதுதான் அவருடைய ஓய்வு. இவரிடம் போய் "இனிப்பைத் தொடாதே" என்று சொல்வதில் பயனில்லை. சாயங்காலம் உட்கார்ந்து ஒரு டீ குடிக்க அவருக்குக் கால் மணி நேரம் வேண்டும், ராத்திரிப் பாத்திரத்தை வேறு யாராவது கழுவ வேண்டும்.

தூக்கமும் ஒரு காரணம். சரியாகத் தூங்காத மறுநாள் பசியைத் தூண்டும் சுரப்பு கூடும், மனம் மாவையும் இனிப்பையும் தேடும். நைட் ஷிப்ட் வேலை செய்பவர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் இது தினசரிப் பாடு. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் பசி கூடுவதும் பலருக்கு இயல்பு. காரணம் தெரிந்துவிட்டால் திட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. மாற்றிவைக்க ஏதாவது ஒன்று கிடைக்கும்.

படி 6: உங்களிடமே நீங்கள் பேசும் பேச்சை மாற்றுங்கள்

"வெட்கமே இல்லையா உனக்கு? தீனிப் பண்டாரம்." இதை வேறு யாராவது நம் மகளைப் பார்த்துச் சொன்னால் சண்டைக்குப் போவோம். நமக்கு நாமே தினமும் சொல்லிக்கொள்கிறோம். கடுமையாக இருந்தால்தான் திருந்துவோம் என்று ஒரு நம்பிக்கை. பள்ளிக்கூடத்திலிருந்தே நம்மோடு வருவது அது.

ஆய்வுகள் அந்த நம்பிக்கைக்கு எதிராக இருக்கின்றன. 2007இல் அமெரிக்காவில் கிளேர் ஆடம்ஸ், மார்க் லியரி என்ற இருவர் மாணவிகளுக்கு டோனட் சாப்பிடக் கொடுத்தார்கள். அதன்பின் ஒரு பகுதியினரிடம் மட்டும், எல்லோரும்தான் இப்படிச் சாப்பிடுகிறோம், இதற்காக உங்களையே கடிந்துகொள்ளாதீர்கள் என்று ஆறுதலாகச் சொன்னார்கள். அடுத்து மிட்டாய்களை வைத்து ருசி பார்க்கச் சொன்னபோது, கட்டுப்பாடு பார்ப்பவர்களில் அந்த ஆறுதலைக் கேட்டவர்கள், கேட்காதவர்களைவிடக் குறைவாகச் சாப்பிட்டார்கள். நியூசிலாந்தில் குய்ஜர், பாய்ஸ் என்ற ஆய்வாளர்கள் சிலரிடம், சாக்லேட் கேக் என்றதும் மனதில் தோன்றுவது குற்றவுணர்வா கொண்டாட்டமா என்று கேட்டு, அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். 2014இல் முடிவு வந்தது. குற்றவுணர்வு என்றவர்கள் ஒன்றும் ஆரோக்கியமாகச் சாப்பிடவில்லை. ஒன்றரை ஆண்டு எடையைக் காப்பதிலும் கொண்டாட்டம் என்றவர்களைவிட அவர்கள்தான் பின்தங்கினார்கள்.

ஆகவே திட்டு எழும்போது அதை நிறுத்திவிட்டு நடந்ததை அப்படியே சொல்லிப் பாருங்கள்: "நேற்று ராத்திரி பசியில்லாமலே மிக்சர் சாப்பிட்டேன். அலுவலகத்தில் மனசு கஷ்டமாக இருந்தது. இன்று காலை தோசை." அவ்வளவுதான். சமாதானமும் வேண்டாம், சாட்டையும் வேண்டாம்.

கூடவே சாப்பாட்டுக்கு நல்லது, கெட்டது, பாவம் என்று பட்டம் கொடுப்பதையும் விடுங்கள். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அம்மா ஒரு லட்டைத் தின்றுவிட்டுக் கண்ணாடி முன் நின்று தொடையைக் கிள்ளிப் பார்ப்பதைப் பத்து வயதுப் பெண் பார்த்துக் கற்றுக்கொள்வாள்.

படி 7: பந்தியிலும் உறவுகளிடமும் சொல்லப் பழகுங்கள்

நம் ஊரில் சாப்பிடச் சொல்வது அன்பு. மறுப்பது அந்த அன்பையே மறுப்பதாகிவிடுமோ என்ற பயத்தில்தான் பாதி சாப்பாடு இறங்குகிறது. மறுக்காமலே அளவோடு நிறுத்த வழி இருக்கிறது. அத்தை கரண்டியோடு வருகிறார்:

"என்னடி இது, கொறிக்கிற? இளைச்சுப் போயிட்ட. இன்னும் ரெண்டு கரண்டி பிரியாணி வைக்கிறேன்."

"வயிறு நெறஞ்சிடுச்சு அத்தை. உங்க கை ரசம் மட்டும் கொஞ்சம் கையில ஊத்துங்க, அதை விடமாட்டேன்."

அத்தைக்கு மனசு நிறைந்துவிடும். "டயட்ல இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது அடுத்த அரைமணி நேர விவாதத்துக்குத் தாம்பூலம் வைத்த மாதிரி. கல்யாண இலையில் பரிமாறுபவர் வேகமாக வருவார், வாயால் சொல்வது கேட்காது. உள்ளங்கையை இலைக்குமேல் விரித்து மறைத்தால் புரிந்துகொள்வார். பிடித்த இரண்டு மூன்றை முதலில் தீர்மானித்துக்கொண்டு அவற்றை ரசித்துச் சாப்பிடுங்கள். வேண்டாததை விழுவதற்கு முன்பே தடுத்துவிட்டால் வீணாக்கிய வருத்தமும் இருக்காது. வீட்டில் மிஞ்சியதை டப்பாவில் போட்டு வைக்கலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். வேண்டாத சோறு குப்பைக்குப் போனாலும் வயிற்றுக்குப் போனாலும் வீண்தான்.

"குண்டாயிட்டியே" என்பவர்களுக்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றலாம். நெருங்கியவர் என்றால், "அதைப் பத்திப் பேச வேண்டாமே" என்று நேராகவே சொல்லலாம்.

படி 8: தடை போடுவதைக் குறைத்து, தட்டை நிரப்புங்கள்

சோறு கூடாது, சர்க்கரை கூடாது, எண்ணெய் கூடாது என்று தொடங்குபவருக்கு இரண்டாவது படியில் சொன்ன சிக்கல் கட்டாயம் வரும். தடைகள் எத்தனையோ அத்தனை தடவை உடையும். எதைச் சேர்க்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குங்கள். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, நாளின் மொத்தக் கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2,000 கலோரித் தட்டில் காய்கறியும் கீரையும் 400 கிராம் இருக்க வேண்டும். நம் சாப்பாட்டில் சோறுதான் முக்கால் தட்டு. சுண்டல், முட்டை, மீன், பருப்பு, கீரை ஆகியவற்றைக் கூட்டினால் சோறு தானாகக் குறையும், ராத்திரிப் பசியும் அடங்கும்.

பிடித்த இனிப்பை வாரத்தில் ஏதோ ஒருநாள், பகலில், உட்கார்ந்து, தட்டில் வைத்துச் சாப்பிடுங்கள். ஒளித்துச் சாப்பிடும் இனிப்புக்குத்தான் கணக்கு இருப்பதில்லை.

படி 9: எப்போது உதவி கேட்க வேண்டும்?

மேலே சொன்னதெல்லாம் எப்போதாவது அளவு மீறுபவர்களுக்கு. குறுகிய நேரத்தில் மிக அதிகமாக, நிறுத்த முடியாமல் சாப்பிடுவது வாரம் ஒருமுறையாவது, மூன்று மாதமாகத் தொடர்ந்தால் அது வேறு. பசியில்லாமலே வேகவேகமாகச் சாப்பிடுவது, யாரும் பார்க்காத நேரம் பார்த்துச் சாப்பிடுவது, முடித்ததும் தன்மீதே அருவருப்பு வருவது எல்லாம் அதன் அடையாளங்கள். மருத்துவத்தில் இது பெருந்தீனிக் கோளாறு. 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. சாப்பிட்டதைச் சரிக்கட்ட வாந்தி எடுப்பவர்களும் பட்டினி கிடப்பவர்களும் இன்னும் சீக்கிரமாகவே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் ஆண்களுக்கும் இது வரும். பேச்சுவழிச் சிகிச்சையும் தேவைப்பட்டால் மருந்தும் இருக்கின்றன. குணமாகிறவர்கள் நிறையப் பேர்.

வீட்டில் ஒருவர் இப்படித் தவிப்பது தெரிந்தால், பலகார டப்பாவை ஒளித்து வைக்காதீர்கள், சாப்பாட்டு வேளையில் கேலி பேசாதீர்கள். தனியாக உட்கார வைத்து, "நான் கூட வரேன், ஒரு டாக்டரைப் பார்த்துட்டு வரலாம்" என்று சொல்லுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416க்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.